மலர்ச்சாலைக்காரரின் சந்தேகமும் நம்மட நீலச் சரியும்



போன கிழமை எங்கள் மாமி மௌத்தானார். வட்ஸ்அப் குழுமத்தில் போட்டோம், சாச்சாவுக்குத் தனியாகவும் அனுப்பினோம். இரண்டு நீலச் சரியும் விழுந்தது. ஆனால் அவர் ஜனாஸாவுக்கு வரவில்லை. "பார்த்துப்போட்டுத்தான் வராமல் இருக்கிறார்" என்று வீட்டில் ஒரே சத்தம். பிறகுதான் விசயம் தெரிந்தது: போனைத் தட்டித் திறந்தது சாச்சா அல்ல, யூடியூப் கேட்டு அழுத அவருடைய நாலு வயதுப் பேரன்!

இந்தக் கூத்துக்கு 130 வருடத்துக்கும் மேலான வரலாறு உண்டு.

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்றொரு மலர்ச்சாலைக்காரர் இருந்தார். அக்காலத்தில் யாரும் நேரடியாக நம்பர் அழுத்திப் பேச முடியாது. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெண்தான் வயரைச் செருகி இணைத்துவிடுவார். ஊரில் மரணம் நடந்தும் தனக்கு அழைப்பு வருவதில்லையே என்று ஸ்ட்ரோஜருக்குச் சந்தேகம். போட்டிக்காரரின் மனைவியே எக்ஸ்சேஞ்சில் இருந்துகொண்டு அழைப்புகளைத் தன் கணவருக்குத் திருப்புகிறார் என்று அவர் நம்பியதாகக் கதை.

மனுசன் சண்டைக்குப் போகவில்லை. நடுவில் ஆளே தேவையில்லாத எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்தார். 1891இல் காப்புரிமை கிடைத்தது. 1892 நவம்பரில் இந்தியானா மாநிலத்து லா போர்ட் நகரில் அது இயங்கத் தொடங்கியது. அப்போது சுற்றும் டயல்கூட இல்லை. 7 வேண்டுமென்றால் பொத்தானை ஏழு தரம் தட்ட வேண்டும். எண்ணிக்கை பிசகினால் வேறு யாரோ வீட்டில் மணி அடிக்கும்.

பிறகு அவருடைய முறை உலகமெல்லாம் பரவியது. நடுவில் நின்ற ஆள் போனார், சந்தேகம் மட்டும் போகவில்லை. 2014 நவம்பரில் வட்ஸ்அப் நீலச் சரியைக் கொண்டுவந்தது. அது சொல்வது செய்தி திறக்கப்பட்டது என்பதை மட்டும்தான். திறந்தது யார், விளங்கியதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கொப்பியில் நான் போடும் சரி அப்படியல்ல, வாசித்துவிட்டுத்தான் போடுகிறேன். (என் மாணவர்கள் கீழே சிரிக்க வேண்டாம்.)

மறுநாள் சாச்சா வந்தார். நாங்கள் ஏசத் தயாராக இருந்தோம். அவர் சொன்னது ஒன்றுதான்: "ராத்தாட முகத்தக் கடைசியா ஒருக்காப் பாத்திருப்பனே மகன். ஒரு கோல் எடுத்திருக்கலாமே."

வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

மௌத்துச் செய்தி என்றால் கோல் எடுங்கள். அவர் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்புங்கள். சரி விழுந்ததா என்று பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.