பினாங்கு மலையோடைத் தேரை

தேரை என்றதும் நம் மாணவர்க்குக் கல்லுக்குள் தேரையும் தேரை மோந்த தேங்காயுமே நினைவுக்கு வரும். ஜெஞ்சாரோம் தோட்டங்களில் மழை விட்ட இரவில் விளக்கடியில் வந்து குந்தும் தேரைக்குச் செருமானிய அறிஞர் ஷ்னைடர் 1799-இல் அறிவியற்பெயர் சூட்டினார். மனிதன் குடியேறும் இடமெல்லாம் தானும் குடியேறுவது அது. ஈண்டு யான் கூற வந்ததோ, மலையோடையை விட்டு விலகாத வேறொரு தேரையின் வரலாறு.

அதனை உலகுக்கு அறிவித்தவர் பெர்டினாண்டு ஸ்டோலிஸ்கா. மொராவியாவில் 1838-இல் பிறந்த இவர், கல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றினார். திருச்சி, அரியலூர்ப் பகுதிகளிற் கிடைத்த, கல்லாய்ச் சமைந்த கிளிஞ்சல்களை ஆராய்ந்து பெருநூல்கள் எழுதியவரும் இவரே என்பது தமிழாசிரியர் அறிந்து மகிழத்தக்கது. பினாங்கில் கிடைத்த சிறு தேரையை 1870-இல் வங்காள ஆசியக் கழக இதழில் விளக்கினார். அதுவரை அறிந்த பேரினம் எதிலும் அஃது அடங்காமையின், புதுப்பேரினம் ஒன்றை வகுத்து, அப்போது பினாங்கின் துணை ஆளுநராயிருந்த ஆன்சன் பெயரால் ‘ஆன்சோனியா’ என்றார். இனப்பெயர் ‘பினாங்கென்சிஸ்’. நான்கே ஆண்டுகளில், பயணம் சென்ற வழியில், லடாக்கு மலைகளில் அவர் மாண்டார், வயது 36.

விரல் நீளமும் தேறாத மெல்லிய உடல், கருநிறம், ஆங்காங்கே மஞ்சட் புள்ளிகள். நிழலடர்ந்த காட்டினூடே பாறைமேற் பாயும் தெளிநீரே அதன் உறைவிடம். குட்டையில் வளரும் தலைப்பிரட்டையாயின் இவ்வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். இதன் தலைப்பிரட்டைக்கோ வாய் அகன்று உறிஞ்சிபோல் அமைந்துள்ளது. அதனாற் கல்லைக் கவ்வி நின்று, கல்மேற் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும். கல்லை நம்பிய தேரை என்பது இதற்கே முற்றும் பொருந்தும். காடு வெட்டப்பட்டு மண் கரைந்து ஓடையிற் படியுமாயின், கவ்வுதற்குக் கல் இராது.

தீபகற்பத்து மலைத்தேரைகள் சிலவும் முன்னர் இப்பெயராலேயே வழங்கின. 1960-இல் ராபர்ட் இங்கர் என்னும் அமெரிக்கர் ‘மலாயானா’வைத் தனியினமாகப் பிரித்தார். பிரேசர் மலைத் தேரையொன்று 2008-இல் தனிப்பெயர் பெற்றது. மலேசிய உயிரியலாளர் ஜீத் சுகுமாரனின் பெயர் அது. இவ்வாறு பிறவற்றுக்கு உரிய பெயர்கள் அமைய அமைய, பினாங்குத் தேரையின் நாடு சுருங்கி ஒரு தீவளவாயிற்று. பரப்புக் குறைந்தது தேரையால் அன்று, நம் அறிவு திருந்தியதால் என்பதை மாணவர்க்குப் பிரித்துச் சொல்லவேண்டும்.

பினாங்குக் குன்றை 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. தைப்பூசத்துக்கு நம்மவர் திரளும் தண்ணீர்மலை அக்குன்றின் அடிவாரத்தில் உள்ளதே. வகுப்பில் இதனை ‘மலையோடைத் தேரை’ என்றே வழங்கி வருகிறேன். இதனினும் நல்ல தமிழ்ப்பெயர் காணும் ஆசிரியர் எழுதுவார்களாக.