ஸ்க்ரீனைப் பார்க்காமலே ஓ.எஸ் இன்ஸ்டால் செய்வது எப்படி?

கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது, ஓ.எஸ் மாத்தணும். பார்வை உள்ளவர்களுக்கு ஒரு பென் டிரைவ் போதும். பார்வை மாற்றுத்திறனாளிக்கு? திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடரே விண்டோஸுக்குள்தானே இருக்கிறது! அதனால் கடைக்காரரிடமோ நண்பரிடமோ கொடுத்து, பாஸ்வேர்டைக்கூட அவர்களையே போடச் சொல்ல வேண்டிய நிலை. இனி அது தேவையில்லை. இன்ஸ்டால் ஆகும்போதே பேசும் வசதி வந்துவிட்டது.

விண்டோஸ்

பென் டிரைவில் பூட் ஆனதும் ஒரு நிமிஷம் பொறுங்க. கன்ட்ரோல் + விண்டோஸ் கீ + என்டர் அழுத்தினால், நரேட்டர் பேசத் தொடங்கும். டேப் கீயில் நகர்ந்து, என்டரில் ஓகே செய்யலாம். சில கம்ப்யூட்டர்களில் சவுண்ட் டிரைவர் இல்லாமல் சத்தமே வராது. பழைய விண்டோஸ் இன்னும் ஓடுகிறதா? அப்போ இன்னும் சுலபம். அதற்குள்ளிருந்தே பென் டிரைவின் செட்டப் ஃபைலைத் திறங்க. ரீஸ்டார்ட் ஆகும்வரை உங்கள் வழக்கமான என்.வி.டி.ஏ-வே எல்லாவற்றையும் படிக்கும்.

லினக்ஸ், மேக்

டெபியனில் பூட் மெனு வந்ததும் 'பீப்' சத்தம் கேட்கும். எஸ் அழுத்தி என்டர் தட்டினால், இன்ஸ்டாலர் பேசும். முடிந்த பிறகு, புது சிஸ்டமும் பேசும். உபுண்டுவில் ஆல்ட் + விண்டோஸ் கீ + எஸ் அழுத்தினால் ஓர்கா ரெடி. மேக்கில் கமாண்ட் + எஃப்5 அழுத்தினால் வாய்ஸ்ஓவர்.

இங்கே மட்டும் உஷார்!

எந்த டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்வது என்று கேட்கும் இடம்தான் ஆபத்தானது. தப்பான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால், போட்டோ, சர்டிஃபிகேட் எல்லாம் காலி. முன்பே பேக்கப் எடுங்க. மற்ற ஹார்டு டிஸ்க்குகளைக் கழற்றிடுங்க. டிஸ்க்கின் அளவை ஸ்க்ரீன் ரீடர் சொல்லும். அதை இரண்டு முறை கேட்ட பிறகே என்டர் தட்டுங்க.

பேசாத திரை

பென் டிரைவில் பூட் ஆகவைக்க பயாஸ் செட்டிங்கை மாற்ற வேண்டி வரலாம். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இந்தத் திரை மட்டும் பேசாது. இங்கே உங்கள் ஸ்மார்ட்போன் உதவும். 2015-ல் வந்த 'பி மை ஐஸ்' ஆப்பில் வீடியோ கால் போட்டால், ஒரு தன்னார்வலர் உங்கள் கேமரா வழியாகப் பார்த்துப் படித்துச் சொல்வார். பார்வை உள்ளவர்களும் இதில் தன்னார்வலராகச் சேரலாம்.

உங்கள் நண்பருக்கு உதவப் போகிறீர்களா? பயாஸை மட்டும் படித்துச் சொல்லுங்க. மவுஸை வாங்கி நீங்களே எல்லாம் செய்துவிடாதீங்க. நரேட்டர் பேசத் தொடங்கியதும் கீபோர்டை அவரிடமே விட்டுடுங்க. அவருடைய கம்ப்யூட்டர், அவருடைய பாஸ்வேர்டு... அவரே டைப் பண்ணட்டும்!