யார் கணக்கில் வருவார்? அமெரிக்கத் தொழிற்சங்க ‘யூனிட்’டின் கதை

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பெஸ்ஸெமர் என்று ஓர் ஊர். அங்கே இருக்கும் அமேசான் கிடங்கில் தொழிற்சங்கம் வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு வாக்கெடுப்பு நடந்து, 2021 ஏப்ரலில் முடிவு வந்தது. வேண்டும் என்றவர்கள் 738. வேண்டாம் என்றவர்கள் 1,798. செய்தித்தாள்களில் எல்லாம் இந்த இரண்டு எண்கள்தான்.

நான் இந்தக் கட்டுரையில் பேசப்போவது மூன்றாவதாக ஒரு எண்ணைப் பற்றி. 2020 நவம்பரில் சங்கம் மனு போட்டபோது, சுமார் 1,500 தொழிலாளர்கள் என்று கணக்குக் காட்டியிருந்தது. அமேசான் ஒத்துக்கொள்ளவில்லை. சீசன் நேரத்துக்கு எடுத்த ஆட்களையும் சேர்க்கணும், அப்படிச் சேர்த்தால் 5,700க்கு மேல் வரும் என்றது. சங்கமும் கடைசியில் பெரிய கணக்கை ஏற்றுக்கொண்டது. சுமார் 5,800 பேருக்கு வாக்குச்சீட்டு போனது.

அதனால் என்ன, எல்லாரும் ஓட்டுப் போட்டால் நல்லதுதானே என்று தோணும். ஆனால் அங்கே வாக்கெடுப்பு கேட்பதற்கே, அந்தக் குழுவில் 30 சதவீதம் பேராவது ஆதரவுக் கையெழுத்து போட்டிருக்க வேண்டும். 1,500க்கு அது 450 கையெழுத்து. 5,800க்கு 1,740. ஒரு மனுவில் இருக்கும் ஒரு எண் மாறியதும், சங்கத்துக்காரர்கள் இதுவரை முகமே பார்க்காத ஆயிரக்கணக்கானவர்களைத் தேடிப் பிடித்துப் பேச வேண்டியதாகிவிட்டது. (சின்னக் கணக்கிலேயே நடந்திருந்தால் ஜெயித்திருக்குமா? யாராலும் சொல்ல முடியாது. 2021 வாக்கெடுப்பையே பின்னால் செல்லாது என்று சொல்லி, 2022இல் மறுபடி நடத்தினார்கள்.)

இந்தக் குழுவுக்கு அமெரிக்கச் சட்டத்தில் ‘பார்கெயினிங் யூனிட்’ என்று பெயர். தமிழில் ‘பேர அலகு’ என்கலாம். யூனிட் என்ற வார்த்தை நமக்கு நன்றாகவே பழக்கம் என்பதால் நான் அப்படியே எழுதுகிறேன். பள்ளிக்கூடப் பின்னக் கணக்கில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. தேர்தல் முடிவு வரும்போது நாம் எல்லாரும் மேலே இருப்பதைத்தான் பார்க்கிறோம். அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் நடந்த பெரிய சண்டைகள் பல கீழே இருப்பதைப் பற்றி.

ஒரு வரியில் விட்ட கேள்வி

1935இல் ரூஸ்வெல்ட் காலத்தில் வந்தது வாக்னர் சட்டம். ஒரு யூனிட்டில் பெரும்பான்மையினர் தேர்ந்தெடுக்கும் சங்கம்தான் அந்த யூனிட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே பிரதிநிதி என்றது. ஓட்டுப் போட்டவர், போடாதவர், எதிர்த்துப் போட்டவர் எல்லாருக்கும் சேர்த்து அந்த ஒரு சங்கம்தான் பேரம் பேசும்.

நம்ம ஊரில் ஒரே தொழிற்சாலை வாசலில் நாலு கொடிக்கம்பம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் வினோதமாக இருக்கும். ஆனால் ‘பெரும்பான்மைக்கே முழு உரிமை’ என்று வைத்துவிட்டால், உடனே அடுத்த கேள்வி வந்தே தீரும்: எதில் பெரும்பான்மை? ஒரு தொழிலிலா, ஒரு ஆலையிலா, மொத்தக் கம்பெனியிலா? சட்டத்தின் 9(b) பிரிவு இந்தச் சாத்தியங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, எது பொருத்தம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டது. அதைப் புதிதாக அமைந்த தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் பார்த்துக்கொள்ளட்டும் என்றது.

வாரியத்துக்கு அது சாதாரணத் தலைவலி இல்லை. அந்த வருஷமே தொழிலாளர் இயக்கம் இந்தக் கேள்வியில்தான் இரண்டாக உடைந்துகொண்டிருந்தது.

தச்சரும் சுரங்கக்காரரும்

1886இல் தொடங்கிய ஏ.எஃப்.எல். கூட்டமைப்பின் அடித்தளம் கைத்தொழில் சங்கங்கள். தச்சருக்குத் தனிச் சங்கம், மெஷினிஸ்டுக்குத் தனிச் சங்கம். திறமை இருப்பவர்கள் சேர்ந்து நின்றால் முதலாளிக்கு வேறு வழியில்லை என்பது அவர்கள் வியூகம். ஃபோர்டு மாதிரியான ஆலைகள் வந்தபிறகு இது தடுமாறியது. அசெம்பிளி லைனில் நிற்பவர் தச்சரா, மெஷினிஸ்டா? எதுவும் இல்லை. அப்போ அவருக்கு யார்?

சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ், ஒரு தொழில்துறைக்கு ஒரே சங்கம் என்றார். பெருக்குகிறவரிலிருந்து டூல் செய்கிறவர் வரை எல்லாரும் அதில். 1935 அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டி மாநாட்டில் இந்த விவாதம் முற்றி, தச்சர் சங்கத் தலைவர் ஹட்சசனை லூயிஸ் குத்தியே விட்டார். அடுத்த மாதமே சி.ஐ.ஓ. என்ற குழு பிறந்தது. சில வருஷத்தில் தனிக் கூட்டமைப்பாகவே ஆனது. இருவரும் மறுபடி ஒன்றுசேர 1955 ஆனது.

ஆக வாரியம் எந்தக் கோட்டைப் போட்டாலும் ஒரு தரப்புக்குச் சாதகம். ஆலை முழுக்க ஒரே யூனிட் என்றால் சி.ஐ.ஓ. ஜெயிக்கும். தொழில்வாரியாகப் பிரித்தால் ஏ.எஃப்.எல். ஜெயிக்கும். 1937இல் ‘குளோப் மெஷின் அண்ட் ஸ்டாம்பிங்’ வழக்கில் வாரியம் சாமர்த்தியமாக ஒரு வழி கண்டுபிடித்தது. இரண்டு பக்கமும் நியாயம் சமமாக இருக்கும்போது, பாலிஷ் போடுகிறவர்கள் போன்ற கைத்தொழில் குழுக்களையே கேட்டுவிடலாம்: தனியாக இருக்கிறீர்களா, பெரிய யூனிட்டில் சேருகிறீர்களா? அதாவது ஓட்டை வைத்தே யூனிட்டைத் தீர்மானிப்பது. 1939இல் ‘அமெரிக்கன் கேன்’ வழக்கில் கொஞ்சம் பின்வாங்கியது. ஏற்கெனவே ஆலை முழுக்கச் சேர்ந்து பேரம் பேசிய சரித்திரம் இருந்தால், நடுவில் ஒரு குழுவைப் பிய்த்துத் தர முடியாது என்றது.

ஒரு கடற்கரையே ஒரு யூனிட்

இந்தக் காலத்தின் ஆகப்பெரிய கோடு துறைமுகங்களில் போடப்பட்டது. 1934இல் மேற்குக் கடற்கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் 80 நாளுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது, கடற்கரை முழுக்க ஒரே ஒப்பந்தம். காரணம் எளிமையானது. கப்பலுக்குச் சக்கரம் தேவையில்லை. ஒரு துறைமுகத்தில் வேலைநிறுத்தம் என்றால் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சரக்கை இறக்கிவிடும்.

1938இல் வாரியம் அதை ஏற்று, பசிபிக் கடற்கரைத் துறைமுகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே யூனிட் என்று அறிவித்தது. ஹாரி பிரிட்ஜஸ் தலைமையில் இருந்த சி.ஐ.ஓ. சங்கம் மொத்தத்துக்கும் பிரதிநிதியானது.

இப்போது டகோமா ஊர்க்காரர்கள் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே பெரும்பான்மையினர் பழைய ஏ.எஃப்.எல். சங்கத்தில் இருந்தார்கள். தங்கள் ஊரில் ஜெயித்திருந்தும், கடற்கரைக் கணக்கில் சிறுபான்மையாகிக் காணாமல் போனார்கள். ஏ.எஃப்.எல். உச்ச நீதிமன்றம் வரை போனது. யூனிட் முடிவை நேரடியாக இங்கே கொண்டுவர முடியாது என்று 1940இல் நீதிமன்றம் கைவிரித்தது. 1941இல் வாரியமே மனம் மாறி, டகோமாவையும் வேறு இரண்டு சின்னத் துறைமுகங்களையும் வெளியே விட்டது. சுவாரசியம் என்னவென்றால், 1950களின் கடைசியில் டகோமாக்காரர்கள் தாங்களாகவே பிரிட்ஜஸின் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

இதில் யார் பக்கம் நியாயம்? பெரிய யூனிட்டுக்குப் பலம் அதிகம். சின்ன யூனிட்டுக்குச் சுயவிருப்பம் அதிகம். இரண்டையும் முழுசாகத் தருகிற கோடு எதுவும் கிடையாது.

உள்ளே இருந்தும் வெளியே

சரி, யூனிட்டுக்குள் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? அதே அலபாமாவில் பெஸ்டர் வில்லியம் ஸ்டீல் என்ற கறுப்பின ரயில் ஃபயர்மேனின் கதை இதற்குப் பதில். லூயிவில் அண்ட் நாஷ்வில் ரயில்வேயில் 1910இலிருந்து வேலை. நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போடும் வேலை, வெயிலும் நெருப்பும் புகையும்.

ரயில்வேக்குத் தனிச் சட்டம். அங்கே யூனிட் தொழில்வாரியாகத்தான். ஃபயர்மேன்கள் அத்தனை பேருக்கும் ஒரே பிரதிநிதி, பெரும்பான்மையினரான வெள்ளையரின் சங்கம். அந்தச் சங்கத்தில் கறுப்பர்கள் உறுப்பினராக முடியாது. ஆனால் அவர்கள் சார்பாகப் பேரம் பேசும் உரிமை அந்தச் சங்கத்துக்கு மட்டும்தான்! 1940இல் அந்தச் சங்கம் 21 ரயில் கம்பெனிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. கோரிக்கை என்ன தெரியுமா? ஃபயர்மேன் வேலையிலிருந்து கறுப்பர்களைப் படிப்படியாக வெளியேற்றும் ஒப்பந்தம். தன் யூனிட்டில் இருப்பவர்களின் வேலையைப் பறிக்கச் சொல்லித் தானே பேரம் பேசுகிற சங்கம். 1941இல் ஸ்டீல் நல்ல வேலையிலிருந்து, கஷ்டம் அதிகமும் கூலி குறைவுமான வேலைக்குத் தள்ளப்பட்டார்.

வழக்குப் போட்டார். அலபாமா நீதிமன்றங்களில் தோற்றார். சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்ற கறுப்பின வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் வாதாட, 1944 டிசம்பரில் ஸ்டீல் ஜெயித்தார். ஒரு யூனிட்டின் ஒரே குரலாக இருக்கும் அதிகாரத்தைச் சட்டம் தருகிறது என்றால், அந்த யூனிட்டில் இருக்கும் எல்லாருக்கும் பாரபட்சமில்லாமல் பேச வேண்டிய கடமையும் கூடவே வருகிறது என்றது தீர்ப்பு. ஆனால் உறுப்பினராகச் சேர்த்துக்கொள் என்று சங்கத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. பாதி வெற்றிதான். ஆனாலும் இன்று வரை அங்கே எந்தத் தொழிலாளியும் தன் சங்கத்தின் மேல் வழக்குப் போட ஆதாரமாக இருப்பது இந்தத் தீர்ப்பு தொடங்கி வைத்த கடமைதான்.

இன்னொன்றையும் சொல்லணும். ஸ்டீலாவது கணக்குக்குள் இருந்தார். வாக்னர் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்கிறவர்களையும் தொழிலாளர் என்ற வரையறையிலேயே சேர்க்கவில்லை. தென்மாநிலக் கறுப்பர்களில் பெரும்பாலோர் செய்த வேலை இந்த இரண்டும்தான்.

மேஸ்திரி எந்தப் பக்கம்?

மேலிருந்தும் ஒரு கோடு வரவேண்டியிருந்தது. டெட்ராய்ட் பேக்கார்டு கார் கம்பெனியில் சுமார் 32,000 தொழிலாளர்கள், அவர்களுக்கு மேல் சுமார் 1,100 ஃபோர்மேன்கள். நம்ம மில் பாஷையில் மேஸ்திரிகள். அவர்களும் தங்களுக்கென்று ஒரு சங்கம் கேட்டார்கள். கம்பெனி, இவங்க எங்க ஆளுங்க என்றது. 1947 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் மேஸ்திரிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது: சம்பளம் வாங்குகிறார்கள், அதனால் அவர்களும் தொழிலாளர்கள்தான்.

அந்த வெற்றிக்கு ஆயுள் மூணு மாதம். ஜூனில் ட்ரூமனின் வீட்டோவைத் தாண்டி டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் நிறைவேறியது. மேற்பார்வையாளர்கள் கணக்கிலிருந்தே நீக்கப்பட்டார்கள்.

என்னைப் போன்ற புரோகிராமர்கள் அந்த வரையறையைப் படித்தால் ஒரு சொல்லில் கண் நிற்கும். வேலைக்கு எடுப்பது, நீக்குவது, இடம் மாற்றுவது, வேலை ஒதுக்குவது என்று நீளமான பட்டியல். நடுவில் போட்டிருப்பது ‘மற்றும்’ இல்லை, ‘அல்லது’. சொந்த முடிவில் இதில் ஏதாவது ஒன்றைச் செய்தாலே மேற்பார்வையாளர். 2006இல் ஓக்வுட் மருத்துவமனை வழக்கில், எந்த நர்ஸ் எந்த நோயாளியைப் பார்ப்பது என்று ஒதுக்கும் நிரந்தரப் பொறுப்பு நர்ஸ்களில் பலர் இப்படித்தான் மேற்பார்வையாளர் ஆனார்கள். 1980இல் யெஷிவா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வேறொரு வாதத்தில் விழுந்தார்கள். பாடத்திட்டத்தையும் மாணவர் சேர்க்கையையும் நீங்கள்தானே தீர்மானிக்கிறீர்கள், அப்போ நீங்கள் நிர்வாகம் என்றது உச்ச நீதிமன்றம். நம்ம ஐ.டி. டீம் லீட்களை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்க கோட் எழுதுவார். காலையில் பத்து நிமிஷம் நாலு பேருக்கு டாஸ்க் பிரித்துத் தருவார். அந்தப் பத்து நிமிஷம் எவ்வளவு கனமானது என்பதுதான் கேள்வி.

ஒரு கடை, இருபது கடை

பெஸ்ஸெமர் நடந்த அதே 2021இல், நியூயார்க் மாநிலம் பஃபலோவில் மூன்று ஸ்டார்பக்ஸ் கடைகளின் ஊழியர்கள் மனுப் போட்டார்கள். கடைக்கு ஒரு யூனிட் என்று கேட்டார்கள். கம்பெனி, அந்தப் பகுதியின் 20 கடைகளும் ஒரே யூனிட் என்றது. இந்த முறை கோடு சின்னதாக விழுந்தது. டிசம்பரில் எல்ம்வுட் கடை 19-8 என்று சங்கத்துக்கு ஓட்டுப் போட்டது. அதே நாளில் இன்னொரு கடை 12-8 என்று வேண்டாம் என்றது. ஆக, சின்ன யூனிட் என்றால் சங்கம் ஜெயித்துவிடும் என்பதும் உண்மை இல்லை. ஆனால் எல்ம்வுட்காரர்களுக்குத் தங்கள் முடிவு தங்களிடமே இருந்தது. அங்கிருந்து அது நாடு முழுக்க மற்ற கடைகளுக்குப் பரவியது.

வாரியம் இதற்கு வைத்திருக்கும் அளவுகோல் ‘ஒத்த நலன்’. ஒரே மேலதிகாரியா, ஒரே மாதிரிச் சம்பளமா, ஒருவர் வேலையை மற்றவர் செய்வாரா, சேர்ந்து பழகுகிறார்களா என்று பார்ப்பார்கள். கேட்க அறிவியல் மாதிரி இருக்கும். ஆனால் சங்கம் கேட்கும் யூனிட் ரொம்பச் சின்னது என்று சொல்லும் முதலாளி எவ்வளவு நிரூபிக்க வேண்டும் என்பதற்கான விதி 2011இல் ஒரு பக்கம், 2017இல் மறுபக்கம், 2022இல் மறுபடி முதல் பக்கம். வாரிய உறுப்பினர்களை நியமிப்பது ஜனாதிபதி. ஆட்சி மாறினால் விதியும் மாறுகிறது. வேலை செய்கிறவர்கள் அதே ஆட்கள், செய்வதும் அதே வேலை.

அடுத்த முறை எங்காவது ஒரு சங்கத் தேர்தல் முடிவு கண்ணில் பட்டால், யார் ஜெயித்தார்கள் என்று பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை பேருக்கு வாக்குச்சீட்டு போனது, அந்த எண்ணை முதலில் யார் கேட்டது, யார் மாற்றியது என்றும் தேடிப் பாருங்கள். பல நேரம் கதை அங்கேதான் இருக்கும்.