மணிக்கட்டு வலியும் முன்கைத் தசைப் பராமரிப்பும்

மணிக்கட்டிலும் விரல்களிலும் உண்டாகும் வலியைத் தணிக்க, அவற்றை இயக்கும் முன்கைத் தசைகளைப் பிடித்துத் தளர்த்துவதும் நீட்டுவதும் படிப்படியாக வலுவேற்றுவதும் முன்கைத் தசைப் பராமரிப்பு எனப்படும். அடிபடாமல், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ததால் வந்த வலிக்கே இது பெரிதும் பொருந்தும். தையல், பீடி சுற்றுதல், முடிதிருத்தம், தட்டச்சு போன்ற வேலைகளில் இருப்பவர்களுக்கு இத்தகைய வலி பழகிப்போன ஒன்று.

அமைப்பு

விரல்களை மடக்கும் தசை எதுவும் விரல்களுக்குள் இல்லை. நுணுக்கமான அசைவுகளுக்கு உள்ளங்கையின் சிறு தசைகள் உதவினாலும், அழுத்திப் பிடிக்கும் வலு முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் உள்ள தசைகளிலிருந்தே வருகிறது. மடக்குத் தசைகளில் பல முழங்கையின் உட்புற எலும்பு மேட்டிலும், நீட்டுத் தசைகளில் பல வெளிப்புற மேட்டிலும் தொடங்குகின்றன. கீழே வரவர அவை தசைநாண்களாக மெலிந்து, மணிக்கட்டைக் கடந்து விரல்களைச் சேர்கின்றன. ஒரு கையை மேசைமேல் வைத்து, முழங்கைக்குச் சற்றுக் கீழே மறு கையால் பற்றிக்கொண்டு, விரல்களால் தாளம் போட்டால் தோலுக்கடியில் தசை நெளிவது தெரியும்.

ஒரு பொருளைப் பிடிக்கும்போது மடக்குத் தசை மட்டும் உழைப்பதில்லை. மணிக்கட்டு உட்புறம் சாய்ந்துவிடாதபடி நீட்டுத் தசைகள் அதை நிறுத்திவைக்கின்றன. மணிக்கட்டை முழுக்க உட்புறம் மடக்கிக்கொண்டு முட்டி பிடித்துப் பார்த்தால் பிடி தளர்ந்துபோவதை உடனே உணரலாம். ஈரத் துணி பிழிபவருக்கும் நாள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடிப்பவருக்கும் முன்கையின் மேற்புறம் கடுப்பது இதனால்தான். வலிக்கிற மணிக்கட்டை மட்டுமே தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்தத் தசைகளை மறந்துவிடுகிறார்கள்.

வரலாறு

தொழில்சார் நோய்களைப் பற்றி 1700இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாட்சினி, எழுத்தர்களின் உபாதைகளுக்கு ஓயாத உட்கார்வு, கையின் ஒரே திசை அசைவு, மன அழுத்தம் என மூன்று காரணங்களைச் சொன்னார். கணினிக்கு முன் அமர்ந்திருப்பவருக்கும் அவை மூன்றும் அப்படியே பொருந்துகின்றன. இருபதாம் நூற்றாண்டில், அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் மருத்துவராக இருந்த ஜேனட் டிராவல், டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து 1983இல் வெளியிட்ட நூலில் தசை முடிச்சுகளை விரிவாக விளக்கினார். தசையில் ஓரிடத்தில் அழுத்தினால் தொலைவில் வேறிடத்தில் வலிக்கும் என்பது அவர்கள் கருத்து. ஆனால், ஒரே நோயாளியைச் சோதிக்கும் இருவர் முடிச்சு இருக்குமிடத்தில் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை என்பதால் இந்தக் கோட்பாடு இன்றும் விவாதத்துக்குரியதே.

சித்த மருத்துவத்தில் உடம்பு பிடித்துவிடுவது தொக்கணம் எனப்படும். அதில் ஒன்பது வகைகள் கூறப்படுகின்றன. கைவலிக்குத் தைலம் தேய்க்கும் வீட்டு வழக்கமும் இதற்கு நெருங்கியதே. எந்தத் தைலம் என்பதைவிட எந்தத் தசையை எவ்வளவு அழுத்தத்தில் பிடிக்கிறோம் என்பதே பலனைத் தீர்மானிக்கும் என்று சொல்வது மிகையாகாது.

செய்முறை

மறு கையின் கட்டைவிரலால் நெடுநேரம் அழுத்தினால் அந்த விரலும் வலிக்கத் தொடங்கிவிடும். டென்னிஸ் பந்தைச் சுவருக்கும் முன்கைக்கும் இடையில் வைத்து மெல்ல உருட்டுவது சுலபம். பொறுக்கக்கூடிய அழுத்தத்தில், முழங்கைக்குக் கீழுள்ள சதைப்பற்றான பகுதியில், சில நிமிடங்கள் போதும். மணிக்கட்டின் உட்புறத்தை அழுத்தக் கூடாது. நரம்பு அங்கே மேலாகவே செல்கிறது. பிறகு முழங்கையை நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, மறு கையால் புறங்கையைக் கீழே மடக்கி 15 முதல் 30 வினாடி நிறுத்தலாம்.

இவை தரும் நிவாரணம் பெரும்பாலும் தற்காலிகமானது. வேலை செய்யும்போது வலி திரும்பாமலிருக்கத் தசைக்கு வலு வேண்டும். முன்கையை மேசைமேல் கிடத்தி, கை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கும்படி, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை உள்ளங்கை கீழே பார்க்கப் பிடிக்கவேண்டும். மறு கையின் உதவியால் மேலே தூக்கி, உதவியில்லாமல் மெதுவாக இறக்கவேண்டும். மறுநாள் வலி கூடியிருந்தால் பாட்டிலில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிடலாம். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வேலையின் நடுவே சிறு இடைவெளி விடுவதும், பிடியின் இறுக்கத்தைக் குறைப்பதும் தவிர்க்கக் கூடாதவை.

வரம்புகள்

எல்லா வலியும் தசையால் வருவதல்ல. மணிக்கட்டின் குறுகிய குகை வழியாக ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் செல்கின்றன. அங்கே நரம்பு நெரிபட்டால் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் நடுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப்போகும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகாது. இரவில் தூக்கம் கலைந்து கையை உதறிக்கொள்வது இதன் முக்கிய அறிகுறி. கர்ப்பிணிகளுக்கும், சர்க்கரை நோயோ தைராய்டு குறைபாடோ உள்ளவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. மணிக்கட்டு மடங்காதபடி இரவில் ஸ்பிளிண்ட் கட்டிக்கொள்வது முதற்கட்ட சிகிச்சை.

கட்டைவிரலின் அடியில் வலித்தால் அது ஸ்விட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வான் 1895இல் விவரித்த தசைநாண் உறை நோயாக இருக்கலாம். குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கித்தூக்கி இளம் தாய்மார்களுக்கு இது வருவதுண்டு. வலிக்கும் இடத்தையே அழுத்தித் தேய்த்தால் உறையின் எரிச்சல் கூடும். கட்டைவிரலுக்கு ஓய்வு கொடுப்பதே முதல் வேலை.

கட்டைவிரலின் அடிச்சதை வற்றினாலோ, கையிலிருந்து பொருள்கள் நழுவினாலோ, மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ, மரப்பு விடாமல் நீடித்தாலோ பந்தையும் தைலத்தையும் ஒதுக்கிவிட்டு மருத்துவரைப் பார்க்கவேண்டும்.