வழித்துணையான கருவிப்பை

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது பழமொழி. ஆனால், மனித சஞ்சாரமற்ற நெடுவழியிலே மோட்டார் சைக்கிள் பழுதாகி நின்றுவிட்ட ஒருவனுக்கு அப்பழமொழி அதிக ஆறுதல் தராது. கழன்ற நட்டை இறுக்கப் புல் உதவாது. துளைபட்ட ரியூப்பை ஒட்டவும் அது உதவாது. அதற்காகப் பட்டறை முழுவதையும் சுமந்து செல்லவும் இயலாது. எதைக் கொண்டு செல்வது, எதை வீட்டிலே விட்டுச் செல்வது என்னும் கேள்வி, மோட்டார் சைக்கிள் தோன்றிய நாள்தொட்டு அதன்மீது நெடும்பயணம் செய்தோர் அனைவரையும் எதிர்நோக்கியதாகும். அதற்கு அவர்கள் கண்ட விடைகளுக்கு ஒரு வரலாறு உண்டு.

1903ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் திகதி, ஜோர்ஜ் வைமன் என்னும் சைக்கிள் பந்தய வீரர் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து கிழக்குக் கரையிலுள்ள நியூயோர்க்கை நோக்கிப் புறப்பட்டார். அவர் ஏறிச் சென்ற வண்டி, பெயரளவில் மோட்டார் சைக்கிளாயினும், உண்மையில் சிறிய எஞ்சின் பொருத்திய சைக்கிளே ஆகும். எஞ்சினின் ஆற்றல் ஒன்றேகால் குதிரை வலு. அந்த ஆற்றலைப் பின்சில்லுக்குக் கொண்டு சென்றது ஒரு தோல் வார். மிதிகளும் சைக்கிள் சங்கிலியும் அகற்றப்படாமல் அப்படியே இருந்தன. 3,000 மைலுக்கு மேற்பட்ட அந்த வழியில் நல்ல தெருக்கள் அரிது. ஆகவே அவர் பல இடங்களில் ரயில் பாதையின் சிலிப்பர் கட்டைகள் மீதே வண்டியைக் குலுங்கக் குலுங்கச் செலுத்தினார்.

இத்தகைய பயணத்துக்கு அவர் எடுத்துச் சென்றவை மிகச் சிலவே. பெற்றோலும் எண்ணெயும் அடைத்த தகரக் குவளைகள், ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு சிறு கருவித்தொகுதி, சில உதிரிப் பாகங்கள், ஒரு புகைப்படக் கருவி, ஒரு கைத்துப்பாக்கி. ஒன்றேகால் குதிரை வலு இழுக்கக்கூடிய பாரம் எவ்வளவு? ஒவ்வொரு இறாத்தலும் மலையேற்றத்தில் கணக்குக் கேட்கும். எனவே சிறு குறைகளைத் தம் கையாலே தீர்ப்பதற்கு வேண்டியவற்றை மட்டுமே அவர் தெரிந்தெடுத்தார்.

இல்லினோய் மாநிலத்தை அடையும்வரை அத்தெரிவு அவரைக் காப்பாற்றியது. அங்கே ஒரோரா என்னும் ஊருக்கருகே, எஞ்சினின் உள்ளே சுழலும் கிராங்க் என்னும் வளைதண்டு முறிந்தது. எந்த ஸ்பானரும் எந்தக் குறடும் முறிந்த தண்டை வழியோரத்தில் பொருத்தமாட்டா. வைமன் தம் கால்களால் மிதித்தே சிக்காகோவை அடைந்து, புதிய தண்டுக்காக ஐந்து நாட்கள் காத்திருந்தார். பயணத்தின் முடிவிலே, அல்பனி நகருக்கு அருகில் எஞ்சின் மீண்டும் சோர்ந்தது. எஞ்சிய 150 மைல் தூரத்தையும் அவர் மிதித்தே கடந்து, யூலை 6ஆம் திகதி நியூயோர்க்கை அடைந்தார். இறுதியில் அவருக்குக் கைகொடுத்தவை பையிலிருந்த கருவிகள் அல்ல, வண்டியிலிருந்து கழற்றப்படாத மிதிகளே.

அதே ஆண்டு, அதே நகரிலிருந்து நியூயோர்க்கை நோக்கி, ஹொரேஷியோ நெல்சன் ஜக்சன் என்னும் வைத்தியர் ஒரு மோட்டார்க் காரில் புறப்பட்டார். குரொக்கர் என்னும் கைதேர்ந்த பொறிவினைஞரும் அவருடன் சென்றார். கருவிகள், கப்பியும் கயிறும், கோடரி, மண்வெட்டி எனக் காரில் தாராளமாக ஏற்றப்பட்டன. ஆயினும், அவர்களும் வழியிலே ரயிலில் உதிரிப் பாகம் வரும்வரை நாட்கணக்காகக் காத்திருக்க நேர்ந்தது. அவர்கள் நியூயோர்க்கை அடைந்தது யூலை 26ஆம் திகதி. வைமன் அடைந்து 20 நாட்களின் பின்னர். வழியோரத்தில் திருத்தக்கூடியது, திருத்தவியலாதது என இரண்டு உண்டு. கருவிகளைப் பெருக்குவதால் இரண்டாவது வகை முதலாவதாக மாறிவிடாது.

முதலாவது வகையிலே எவை அடங்கும் என்பதை அந்தந்தக் காலத்து வண்டியின் பலவீனமே தீர்மானித்தது. 1914க்கு முந்திய வண்டிகளில் வார் நீளும், நனைந்தால் வழுக்கும், சில வேளை அறுந்தும் போகும். ஆகவே, வாரைத் துளையிடும் கருவியும், இரு முனைகளையும் இணைக்கும் கொளுவியும் இல்லாமல் எவரும் புறப்படார். வெப்பத்தால் வால்வுகள் கெட்டன. எனவே ஒரு மாற்று வால்வும், அதன் வில்லை அமுக்கும் கருவியும் பையிலே இடம்பெற்றன. பின்சில்லைக் கழற்றுவது பெரும்பாடாக இருந்தமையால், வட்டமாக ஒட்டப்படாது இரு முனைகளும் மூடப்பட்ட ரியூப் ஒன்றும் வழக்கத்திலிருந்தது. சில்லைக் கழற்றாமலே அதனை மாற்றலாம். வழியிலே பட்ட துன்பமே அந்த ரியூப்பைத் தோற்றுவித்தது.

முதலாம் உலக யுத்தத்திலே செய்தி கொண்டு சென்ற போர்வீரர் பலர் ட்ரயம்ப் நிறுவனத்தின் வண்டியைச் செலுத்தினர். 1915இல் வெளிவந்த அந்த வகை வண்டி நேச நாட்டுப் படைகளுக்காகச் சுமார் 30,000 செய்யப்பட்டது. அதிலும் பின்சில்லைச் சுழற்றியது வாரே. சேற்றிலும் இருளிலும், குண்டு விழும் வழியிலும், வாரைச் சீர்செய்யத் தெரியாதவன் கொண்டு செல்லும் கட்டளை உரிய வேளையில் போய்ச் சேராது. அங்கே கருவிப்பையின் தகுதி பல உயிர்களின் தகுதியாயிற்று. பின்னர் வார் மறைந்து சங்கிலி வந்தது. துளைக்கருவி வெளியேறியது, இணைப்புக் கண்ணிகளும், சங்கிலியின் தறையாணியை நீக்கும் கருவியும் அதன் இடத்தைப் பிடித்தன.

ஸ்பானரின் வரலாறும் கவனிக்கத்தக்கது. 1841இல் ஜோசப் விற்வேத் இங்கிலாந்திலே திருகாணிப் புரிகளுக்கு ஒரே அளவுமுறையை முன்வைத்தார். பிரித்தானிய வண்டிகள் நெடுங்காலம் அம்மரபைத் தழுவியே நின்றன. 1960களில் ஜப்பானிய வண்டிகள் பரவியபோது மெட்ரிக் அளவு வந்தது. பழைய ஸ்பானர்கள் அவற்றுக்குப் பொருந்தவில்லை. எல்லாவற்றுக்கும் பொருந்துமென எடுத்துச் செல்லும் கூட்டிக் குறைக்கும் ஸ்பானர், இறுகிய நட்டின் மூலைகளைத் தேய்த்துவிடுவதும் உண்டு. தேய்ந்த நட்டைக் கழற்றுவது முதற் பழுதைத் திருத்துவதிலும் கடினம். ஆகவே, தன் வண்டிக்குப் பொருந்தும் நாலைந்து ஸ்பானர்கள் பொருந்தாத இருபதிலும் மேலானவை.

1934 டிசம்பரில் தெரேசா வாலக், புளோரன்ஸ் பிளெங்கிரன் என்னும் இரு ஆங்கிலப் பெண்கள் லண்டனிலிருந்து ஆபிரிக்காவின் தென்முனை நோக்கிப் புறப்பட்டனர். 600 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்ட பந்தர் மோட்டார் சைக்கிளில், பக்கவண்டியும் பின்வண்டியும் பூட்டிச் சகாராப் பாலைவனத்தைக் கடந்தனர். வழியிலே எஞ்சின் பழுதுற்றது. அகடெஸ் என்னும் பாலைவன ஊரிலே, பொறியியல் பயின்றவரான வாலக் அதனை முற்றாகப் பிரித்துத் திரும்பப் பூட்டினார். 1935 யூலையில் அவர்கள் கேப்டவுனை அடைந்தனர். வேறொருவரிடத்து அதே கருவிகள் இருந்திருப்பின், பிரித்த எஞ்சின் மணலிலே கிடந்திருக்கும்.

இக்காலத்தில் பல வண்டிகளுக்கு ரியூப் இல்லை; ரயரின் துளையை அடைக்கும் இரப்பர்த் திரியும் சிறு காற்றுப்பம்பும் போதும். மறுபுறம், எரிபொருளையும் தீப்பொறியையும் ஆளும் மின்னணுப் பெட்டி பழுதுற்றால் வழியிலே எவராலும் திருத்த முடியாது. வைமனின் தண்டு இருந்த இடத்தில் இன்று அப்பெட்டி இருக்கிறது.

புறப்படுமுன் பையை நிரப்புபவன் மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். இவ்வண்டியில் அடிக்கடி கெடுவது எது? அதனைத் தன் கையால் திருத்தத் தெரியுமா? தெரியாவிடின், உதவி எத்தனை மைலில் உண்டு? வீட்டு முற்றத்திலே, பையிலுள்ள கருவிகளை மட்டும் கொண்டு ஒரு முறை சில்லைக் கழற்றிப் பூட்டிப் பார்ப்பவனுக்கு இவ்விடைகள் தாமே புலனாகும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதமாகலாம். எனினும் எந்தப் புல்லை எடுத்துச் செல்வது என்று முன்னரே அறிந்திருப்பதும் அவன் வல்லமையில் ஒரு பாதியாகும்.