சட்டாம்பிள்ளை முதல் சான்றிதழ் வரை: தொடக்கப்பள்ளிப் புதிய ஆசிரியரின் தன்னம்பிக்கையும் பயிற்சி வழிகளும் (1789–1862)

முன்னுரை

பயிற்சிக் கல்லூரியில் பயின்று வந்தவரும் வகுப்பறையிலேயே தொழில் பழகி வந்தவரும் முதல்நாள் வகுப்பில் ஒரே உறுதியோடு நிற்பதில்லை. இவ்வேறுபாட்டை ஆராய்வோர், ஆல்பர்ட் பண்டூரா 1977இல் விளக்கிய ‘தன்திறன் நம்பிக்கை’ என்னும் கருத்தாக்கத்தைக் கையாள்கின்றனர். ஒரு பணியைத் தானே செய்து வென்ற பட்டறிவே அந்நம்பிக்கையின் முதன்மை ஊற்று என்பது அவர் கொள்கை. அவ்வாறாயின் தொழில் பழகி வந்தவரே உறுதி மிக்கவராதல் வேண்டும். சென்னையிலும் இங்கிலாந்திலும் கிடைக்கும் வரலாற்றுச் சான்றுகள் இதனை முழுமையாக ஏற்கவில்லை.

எட்டு வயது ஆசிரியன்

1789இல் சென்னைப் படைவீரர் ஆண்பிள்ளை அநாதைக் காப்பகத்தின் கண்காணிப்பாளர் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல். ‘மலபார்’ பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதியதைக் கண்டதாக அவர் குறிப்பிடுகிறார். (அக்காலச் சென்னை ஐரோப்பியர் ‘மலபார்’ என்றது பெரும்பாலும் தமிழரையே.) மணலெழுத்தைக் காப்பகத்தில் புகுத்துமாறு அவர் பணித்தபோது, ஊதியம் பெறும் உதவியாசிரியர்கள் அது இயலாது என்றனர். பெல் அப்பணியை ஜான் ஃபிரிஸ்கென் என்னும் எட்டு வயது மாணவனிடம் ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் இம்முறையைத் தம் கண்டுபிடிப்பு என்றே 1797இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் பெல் முன்வைத்தார். திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்த தமிழ் ஆய்வாளர் அவ்வுரிமையை ஐயுறுவது இயல்பு.

இங்கு அனுபவம் உடையோர் தயங்கினர், அனுபவமற்றவன் துணிந்தான். சிறுவனுக்குத் தரப்பட்ட பணி மிகச் சிறியது: சில எழுத்துகள், மணற்பலகை, தன்னினும் இளையோர். பணியைச் சுருக்கியதாலேயே அவனுக்கு உறுதி எளிதாயிற்று எனக் கருதலாம். உதவியாசிரியரின் மறுப்பையும் தன்னம்பிக்கைக் குறைவு என்று கொள்வது பொருந்தாது. ஊதியமின்றிச் சிறுவர் கற்பிக்கும் முறை தங்கள் பிழைப்பை என்ன செய்யும் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். இந்நிகழ்வை நாம் அறிவது பெல்லின் எழுத்து வழியாகவே. மறுத்தவர் தம் காரணத்தைச் சொல்ல அதில் இடமில்லை.

பேட்டர்சியின் அச்சம்

இங்கிலாந்தில் 1840இல் பேட்டர்சியில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய ஜேம்ஸ் கே-ஷட்டில்வொர்த்தின் கவலை வேறு. கல்வி பெற்ற ஏழை இளைஞன் செருக்குறுவான், ஏழைப் பிள்ளைகளிடையே பணிபுரிய மனமின்றிப் போவான் என அவர் அஞ்சினார். ஆகவே தோட்டவேலை, வீட்டுவேலை, எளிய உணவு ஆகியன பயிற்சியின் கூறுகளாயின. சுவிட்சர்லாந்தின் குரூஸ்லிங்கனில் ஃபெர்லி நடத்திய பள்ளி இதற்கு முன்மாதிரி. தன்னம்பிக்கை தரவேண்டிய நிறுவனமே அது மிகுந்துவிடாமல் காவல் காத்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

1846ஆம் ஆண்டு விதிகள் இவ்விரு வழிகளையும் இணைக்க முயன்றன. பதின்மூன்று வயதில் ‘மாணவ ஆசிரியராக’ச் சேர்பவர் ஐந்தாண்டுகள் வகுப்பு நடத்தித் தொழில் பழகுவார், நாள்தோறும் ஒன்றரை மணிநேரம் தலைமையாசிரியரிடம் பாடம் கேட்பார், தேர்வில் வென்றால் உதவித்தொகையுடன் கல்லூரி செல்வார். கல்லூரிக்குச் செல்லாமல் பணியிலிருந்தோரும் சான்றிதழ்த் தேர்வு எழுதலாம். ஒரே சான்றிதழ் வெவ்வேறு வழிகளில் வந்தோர் கைக்குச் சென்றது. சென்னை அரசு 1856இல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியபோது இங்கிலாந்தில் நடப்பிலிருந்த முறை இதுவே.

பதிவேடுகள்

இவ்வாசிரியர்களின் மனநிலையை அவர்கள் சொல்லிலேயே அறிய 1862ஆம் ஆண்டுத் திருத்த விதித்தொகுப்பு வாய்ப்பளிப்பதுபோல் தோன்றும். தலைமையாசிரியர் பள்ளி நாட்குறிப்பேடு எழுதுவதை அது கட்டாயமாக்கியது. ஆயின், பொதுவான கருத்துகளோ சிந்தனைகளோ அவ்வேட்டில் இடம்பெறலாகாது என்றும் அதே விதி தடுத்தது.