சூடு போட்டதால் சரியானதா? - ஏர்க் குதிரையின் கால் சொல்லும் கதை

நம் ஊரில் ஏர் என்றால் மாடுதான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டிலும், இரண்டாம் உலகப்போர் காலம் வரையிலும் பெரும்பாலான ஏர்களை இழுத்தது குதிரை. அந்தக் குதிரை நொண்டினால் என்ன செய்தார்கள்? "பி.காம் படிப்பவனுக்கு இது எதற்கு?" என்று கேட்கிறீர்களா? படித்துப் பாருங்கள், இதில் ஒரு கணக்குப் பாடமும் இருக்கிறது.

ஒன்பது அங்குல அகலத்தில் சால் ஓட்டி ஒரு ஏக்கர் நிலத்தை உழ வேண்டுமானால் குதிரை சுமார் 18 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒரு ஜோடிக் குதிரைக்கு ஒரு நாள் வேலை ஏறக்குறைய இவ்வளவுதான். ஆக, விவசாயியின் மூலதனமே அந்த நான்கு கால்களில்தான் நின்றது. 'பாதம் இல்லையேல் குதிரை இல்லை' என்பது அவர்களுடைய பழமொழி. 1751ல் ஜெரமையா பிரிட்ஜஸ் என்பவர் அதையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் எழுதினார்.

அந்தக் காலத்தில் குதிரைக்கு வைத்தியர் யார் தெரியுமா? லாடம் அடிப்பவர்தான்! ரத்தம் வடிப்பார். கொப்புளம் எழுப்பும் களிம்பைக் காலில் தேய்ப்பார். எதற்கும் கேட்காவிட்டால், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தசைநாண் மேல் கோடு கோடாகச் சூடு போடுவார். மயக்க மருந்து வந்ததே 1840களில்தான். அதுவரை குதிரையைக் கயிற்றால் கட்டிப்போட்டுத்தான் இதெல்லாம் நடந்தது.

1762ல் பிரான்சின் லியோன் நகரில் குளோத் பூர்ஷெலா முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் திறந்தார். அங்கே படித்த சேன்பெல் என்பவரைத் தலைவராகக் கொண்டு 1791ல் லண்டனிலும் ஒரு கல்லூரி தொடங்கியது. குளம்பை அறுத்துப் பார்த்து ஆராய்ந்தார்கள். குளம்புக்குள் இருக்கும் ஒரு சிறிய எலும்பின் நோய்தான் பல குதிரைகளின் நொண்டலுக்குக் காரணம் என்பதை ஜேம்ஸ் டர்னர் போன்றவர்கள் விளக்கினார்கள்.

அறிவு வளர்ந்தது சரி, குதிரையின் வலி குறைந்ததா? உடனே இல்லை. படித்த மருத்துவர்களும் சூட்டுக்கோலைக் கீழே வைக்கவில்லை. கூடவே ஒரு புதிய வழியும் வந்தது. பாதத்துக்குப் போகும் நரம்பை வெட்டிவிடுவது! வலி தெரியாததால் குதிரை நன்றாக நடக்கும். ஆனால் நோய் உள்ளே அப்படியே இருக்கும். இப்படிப்பட்ட குதிரையை 'குறையில்லாத குதிரை' என்று விற்கவும் ஆட்கள் இருந்தார்கள். நரம்பு வெட்டிய குதிரை குறையுள்ள குதிரையே என்று 1825ல் ஓர் ஆங்கிலேய நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. வணிகச் சட்டத்தில் 'வாங்குபவரே, எச்சரிக்கை' என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். சூடு போட்ட குதிரைகளில் பல உண்மையிலேயே குணமாயின. எப்படி?

சூடு போட்ட காலுடன் குதிரையை உழைக்க விட முடியாது. புண் ஆற வேண்டும். அதனால் மாதக்கணக்கில் மேய்ச்சலுக்கு விட்டார்கள். அந்த ஓய்வில் தசைநாண் தானாக ஆறியது. குணப்படுத்தியது ஓய்வு, பேர் வாங்கியது இரும்பு!

அப்படியானால் முதலிலேயே ஓய்வு கொடுத்திருக்கலாமே? இங்கேதான் கணக்கு வருகிறது. உழவுப் பருவத்தில் குதிரை சும்மா நின்றாலும் தீவனச் செலவு நிற்காது. வேலையோ நின்றுபோகும். "ஒன்றும் செய்யாமல் சும்மா விடுங்கள்" என்று சொல்லும் வைத்தியருக்கு யார் காசு கொடுப்பார்கள்? சூடு போட்டால் 'வைத்தியம் நடந்தது' என்ற திருப்தியாவது கிடைக்கும். ஆக, விவசாயி ஓய்வுக்கான விலையையும் கொடுத்தார், சூட்டுக்கான கூலியையும் கொடுத்தார். குதிரை தன் பங்குக்கு வலியைக் கொடுத்தது. அது மட்டும் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

இது நிரூபணமாக எவ்வளவு காலம் ஆனது தெரியுமா? பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1983ல்தான் சூடு போடுவதால் தசைநாண் விரைவாக ஆறுவதில்லை என்று ஆய்வு வெளியிட்டார்கள். தசைநாணுக்குச் சூடு போடுவது மருத்துவ நெறிக்கு ஒவ்வாதது என்று பிரிட்டனின் ராயல் கால்நடை மருத்துவர்கள் கல்லூரி (RCVS) 1991ல் அறிவித்தது. அதற்குள் உழவுக் குதிரைகளின் காலமே முடிந்து, வயலில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது!

நம் கிராமங்களிலும் மாட்டுத் தோளில் பழைய சூட்டுத் தழும்பைப் பார்த்திருப்பீர்கள். இனி "சூடு போட்டோம், சரியாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அதற்குப் பிறகு எத்தனை நாள் ஏரில் பூட்டாமல் விட்டீர்கள்?"